மாவட்டக் கலை மன்றத்துக்கு வெளியிலிருந்து நாம் ஏதாவது செய்ய முடியுமா?

ஏரிக்கரை எழுதியது:

வணக்கம். ஊர் செய்யாறு பக்கம், வேலை சென்னையில், மாதத்தில் பத்து நாளாவது ஊரில் இருப்பேன். இந்த வருஷம் எங்கள் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் அத்தனை ராத்திரியும் உட்கார்ந்து தெருக்கூத்துப் பார்த்தேன், சின்ன வயதுக்கப்புறம் இப்போதுதான். ஒருநாள் வேடம் கட்டுகிற கொட்டகையில் முகவீணை (நாகஸ்வரம் மாதிரி சின்ன ஊதுகருவி) வாசிக்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எழுபதைத் தாண்டியிருப்பார். சீவாளியை வாயில் ஊறவிட்டுக்கொண்டே பேசினார். உதவித்தொகை எதுவும் வருவதில்லையாம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் ஆரம்பித்த புதிதில் ஒரு அட்டை வாங்கினாராம், அது இப்போது எங்கே கிடக்கிறதோ தெரியாதாம். "அதுக்கெல்லாம் யாரு அலையறது தம்பி" என்றார். மத்தளம் கேட்டது, எழுந்து போய்விட்டார்.

நானும் நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து ஐம்பது அறுபதாயிரம் வரை போடலாம் என்று இருக்கிறோம். முதலில் தோன்றியது, டவுனில் ஒரு மண்டபம் எடுத்து இரண்டு நாள் கூத்து விழா நடத்தலாம் என்று. அப்புறம் ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கலை மன்றம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. அதில் தன்னார்வலராகச் சேர வழி உண்டா? யாரைப் போய்ப் பார்ப்பது? விழா நடத்துவது உருப்படியான வேலைதானா, இல்லை எங்கள் ஆசைக்கு நடத்துவதாகிவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கார்பன் தாள் எழுதியது:

தம்பி, நான் ஆறேழு வருஷமாக இதே வேலையாகத்தான் அலைகிறேன், உங்கள் மாவட்டம் இல்லை, பக்கத்து மாவட்டம். தன்னார்வலர் என்று எனக்கு யாரும் அட்டை கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது இல்லாததால் எந்த வேலையும் நின்றதும் இல்லை.

முதலில் எந்தக் கதவு எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதி அலைச்சல் தப்பான கதவைத் தட்டுவதால்தான். மாவட்டக் கலை மன்றத்துக்குத் தலைவர் ஆட்சியர், ஆனால் கோப்பு நகர்வது கலை பண்பாட்டுத் துறையின் மண்டல உதவி இயக்குநர் அலுவலகத்தில். தமிழ்நாடு முழுக்க ஏழு மண்டலம், உங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் காஞ்சிபுரம். மாவட்ட விருதுகள் இந்த வழியாக. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை வளர்மணி, 50 வரை சுடர்மணி, 65 வரை நன்மணி, அதற்கு மேல் முதுமணி. உங்கள் முகவீணைக்காரர் முதுமணிக்குப் போகலாம், ஏற்கனவே மாநில விருதோ மாவட்ட விருதோ வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாதாமாதம் வருகிற உதவித்தொகை வேறு இடம், சென்னையில் இருக்கிற இயல் இசை நாடக மன்றம். 1955இல் சங்கீத நாடக சங்கமாக ஆரம்பித்தது, 1973இல்தான் இந்தப் பெயர் வந்தது. நலிந்த நிலையில் இருக்கிற கலைஞர்களுக்கு, 58 வயது முடிந்திருந்தால், மாதம் 3000 ரூபாய். நல வாரியம் மூன்றாவது கதவு, 2007இல் வந்தது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து, ஈமச்சடங்கு இதற்கெல்லாம் அங்கேதான் போக வேண்டும். அட்டை இருக்கிறது என்றால் பென்ஷன் வரும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

இப்போது உண்மையான வேலைக்கு வருகிறேன். எழுத்துவேலை, அவ்வளவுதான். ஒரு மத்தளக்காரருக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். ஆதாரில் முனுசாமி, ரேஷன் கார்டில் முனிசாமி, பாஸ்புக்கில் இன்ஷியல் வேறு எழுத்து. பிறந்த தேதி ஆதாரில் ஜனவரி 1, வருஷம் யாரோ குத்துமதிப்பாகப் போட்டது, ஆள் 64, காகிதத்தில் 55. அதாவது காகிதப்படி அவருக்கு இன்னும் மூன்று வருஷம் பொறுமை வேண்டும்! பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. அந்தப் பள்ளிக்கூடத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடிப்பிடித்து, சான்று வாங்கி, ஆதாரைத் திருத்தி, அதற்கப்புறம் வங்கிக்குப் போனால், ஒரு வங்கிக் கிளையில் "கைரேகை விழவில்லை, அடுத்த வாரம் வாங்க" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். மத்தளம் அடித்து அடித்துத் தேய்ந்த விரல், எப்படி விழும்? ஏழு மாதம் ஆனது. விண்ணப்பத்தை நிரப்பியது என்னவோ இருபது நிமிஷம்தான்.

அடுத்தது, கலைஞர் என்பதற்கு ஆதாரம். திருவிழா நோட்டீஸில் ஜமா, அதாவது கூத்துக் குழுவின் பெயரும், அதை நடத்துகிற வாத்தியார் பெயரும்தான் இருக்கும், முகவீணைக்காரர் பெயரை எவன் அச்சடிப்பான்? அதனால் எந்த ஜமாவோடு போகிறாரோ அந்த வாத்தியாரிடம், எந்த வருஷத்திலிருந்து, எந்த ஊர்களில் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கோயில் தர்மகர்த்தா கடிதம் இருந்தால் இன்னும் நல்லது. நோட்டீஸ்களைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், தகரப் பெட்டியை முழுக்கக் கவிழ்த்துப் பாருங்கள். நான் பார்த்த ஒரு பெட்டியில் அடியில் விரித்திருந்ததே முப்பது வருஷத்து நோட்டீஸ்தான், முகத்தில் பூசுகிற அரிதாரம் படிந்து பாதி எழுத்து சிவப்பாகிப் போயிருந்தது. போன வருஷத்து வேடத்தில் போட்டோ வேண்டும், வேடம் இல்லாமலும் ஒன்று வேண்டும், வேடத்தோடு இருக்கிற போட்டோவில் இது இவர்தானா என்று கேட்பார்கள்.

முதியோர் உதவித்தொகை ஏற்கனவே வாங்குகிறாரா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. கடைசியில் தெரிந்தால் எல்லோருக்கும் சங்கடம்.

வேடக்காரர் மகள் எழுதியது:

கார்பன் தாள் அண்ணா சொன்னது அத்தனையும் எங்கள் வீட்டில் நடந்தது. ஒன்றைச் சேர்க்கிறேன்.

"கூத்தாடி கிழக்கே பார்த்தான், கூலிக்காரன் மேற்கே பார்த்தான்" என்று சொல்வார்கள் இல்லையா, அதைச் சும்மா பழமொழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா விடியற்காலை ஆறு மணிக்கு ஆட்டம் முடித்து, முகத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்து படுக்கும்போது மணி பத்து ஆகும். அலுவலகம் திறக்கிற நேரம் அது. சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து மறுபடியும் கிளம்பிவிடுவார். பங்குனியிலிருந்து ஆடி வரை இப்படித்தான். அவர் சோம்பேறி, அக்கறை இல்லாதவர் என்று எங்கள் சொந்தக்காரர்களே பேசினார்கள். அந்த நாலைந்து மாதத்தில் எந்த விண்ணப்பமும் வேலைக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாருங்கள், வீட்டில்தான் இருப்பார்கள், கையில் காசும் இருக்காது, ஒரு ஆள் வந்து பேசினால் சந்தோஷப்படுவார்கள். அப்போதும் எங்கேயாவது சாவுக் காரியத்துக்குக் கர்ண மோட்சக் கூத்து ஆட வேண்டும் என்று கூப்பிட்டால் அன்றைக்குப் போய்விடுவார்கள், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. உதவி செய்ய வருகிறவர்கள் வேடம் கட்டுகிற இடத்தில் கேமரா வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள். கிரீடமும், தோளில் கட்டுகிற புஜகட்டையும் கட்டுகிற நேரத்தில் எங்கள் அப்பா யாரோடும் பேச மாட்டார், அவர் பாதி துரியோதனனாக இருக்கிற நேரம் அது. விழா பற்றிக் கேட்டீர்கள். மண்டபத்தில் இரண்டு மணி நேரம் ஆடச் சொன்னால் ஆடுவார்கள், காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் கதையை அறிமுகப்படுத்திச் சிரிக்க வைக்கிற கட்டியங்காரன் வந்து பேசி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகிற ஆட்டத்தில் எதை வெட்டுவது? பொன்னாடை போர்த்துவதற்கே அரை மணி போய்விடும். எங்கள் வீட்டில் பொன்னாடை ஒரு மூட்டை இருக்கிறது.

நேர்வழி எழுதியது:

எல்லோரும் நல்ல மனசோடு எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. சம்பளம் வாங்குகிறவர்கள் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் இனாமாகச் செய்து கொடுத்தால் அந்த வேலை இடம் காலியாகவே கிடக்கும். ஏழு மாதம் ஒருவருக்காக அலைந்தீர்கள், சரி. அந்த மாவட்டத்தில் இன்னும் எத்தனை பேர்? ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது, அங்கே ஐம்பது கலைஞர்களோடு போய் நின்று, ஒன்றியத்துக்கு ஒரு நாள் கலைஞர்களுக்கான முகாம் போடுங்கள் என்று மனு கொடுத்தால் ஒரே நாளில் கணக்கு முடியும். தன்னார்வம் என்ற பெயரில் இலவச எழுத்தர் வேலை பார்ப்பது சேவை இல்லை.

அப்புறம் இதில் இடைத்தரகர்களும் நுழைகிறார்கள். அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் வசூலித்துவிட்டுப் போனவர்களை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் உண்மையாக வருகிறவனையும் யாரும் நம்புவதில்லை.

கார்பன் தாள் எழுதியது:

நேர்வழி, மனு கொடுத்தோம். முகாமும் போட்டார்கள், ஒரு வியாழக்கிழமை, சித்திரை மாதம், காலை பத்தரைக்கு. பதினோரு பேர் வந்தார்கள், அதில் நாலு பேர் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை, முகாமுக்கு வரும்போது கையில் சரியான காகிதம் இருந்தால்தான் அங்கே உட்கார்ந்திருப்பவராலும் ஏதாவது செய்ய முடியும். இரண்டும் வேண்டும். ஆனால் தரகர் விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் ஜெராக்ஸ் காசுகூட வாங்குவதில்லை, அசல் எதையும் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதும் இல்லை, அவர்கள் திண்ணையிலேயே போனில் படம் பிடித்து, அசலை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவேன். டீ மட்டும் குடிப்பேன், அதை வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள்.

தெற்குவாசல் எழுதியது:

மதுரையிலிருந்து. நாங்கள் பறை, ஒயிலாட்டம் குழுக்களோடு பழகுகிறோம். போன வருஷம் (2025) பத்மஸ்ரீ பட்டியலில் எங்கள் ஊர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானும் உங்கள் பக்கத்துக் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் சேர்ந்தே வந்தார்கள், அன்றைக்கு இங்கே போன் ஓயவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு சிக்கல்: ஊரில் எல்லோருக்கும் விருது வேண்டும், காகிதம் யாரிடமும் இல்லை!

எங்களுக்குப் பலன் தந்த ஒரு வேலை சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒரு கலைஞருக்கு ஒரு பக்கம். பெயர் (ஆதாரில் உள்ளபடி, ஊரில் கூப்பிடுகிறபடி, இரண்டும்), கலை, யாரிடம் கற்றது, எத்தனை வயதில், எந்தக் குழு, வாரிய எண் இருந்தால் அது, புதுப்பித்த தேதி. அவ்வளவுதான். விருதுக்கு விண்ணப்பம் கேட்டுப் பத்திரிகையில் சின்னச் செய்தியாக வரும், கடைசித் தேதிக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும், அந்த நேரத்தில் நோட்டு கையில் இருக்கிறவன்தான் பிழைப்பான். மாவட்டத்துக்கு வருஷத்துக்குப் பதினைந்து பேருக்குத்தான், அதனால் அனுப்பினால் கிடைத்துவிடும் என்று மட்டும் யாரிடமும் வாய்விட்டுவிடாதீர்கள்.

பணம் இருக்கிறது என்றீர்களே, இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்க இயல் இசை நாடக மன்றமே நிதி தருகிறது, அது வருகிற வரை தோல் கிழிந்த மத்தளத்தைச் சரிசெய்ய, கிரீடம், புஜகட்டை செதுக்கக் கல்யாண முருங்கை மரம் வாங்க என்று நீங்கள் கொடுக்கலாம். மண்டப வாடகையைவிட எனக்கு அது உசத்தியாகத் தோன்றுகிறது. உங்கள் பணம், உங்கள் இஷ்டம்.

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மண்டபத்தை விட்டுவிட்டோம், ஒரு நண்பனுக்கு மட்டும் வருத்தம், அவன் மேடையில் பேச நினைத்திருந்தான் போல.

நேற்று முகவீணைக்காரர் வீட்டுக்குப் போனேன். அட்டை கிடைத்துவிட்டது, சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஓரம் கரையான் அரித்திருக்கிறது, எண் தெரிகிறது, கடைசி இரண்டு இலக்கம் மட்டும் 1ஆ 7ஆ என்று சந்தேகம். பிறந்த தேதி, சொன்னது போலவே, ஜனவரி 1. பரவாயில்லை, வருஷம் சரியாகவே விழுந்திருக்கிறது, காகிதப்படியும் எழுபத்தொன்று. முதியோர் உதவித்தொகை வாங்கவில்லை, கேட்டுவிட்டேன். வாத்தியார் கடிதம் பற்றிச் சொன்னபோதுதான் கொஞ்சம் தயங்கினார். நாலு வருஷம் முன்னால் சண்டை போட்டுக்கொண்டு ஜமா மாறியிருக்கிறார், முப்பது வருஷம் வாசித்தது பழைய ஜமாவில். அந்த வாத்தியாரிடம் போய்க் கேட்க மாட்டாராம், நானும் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாதாம்.

கார்பன் தாள் அண்ணா, இதற்கு என்ன செய்வீர்கள்?

கார்பன் தாள் எழுதியது:

பழைய வாத்தியார் வீட்டுக்குப் போங்கள். அவருடைய விண்ணப்பத்தை முதலில் எழுதிக் கொடுங்கள், அவரிடமும் காகிதம் ஒழுங்காக இருக்காது. இரண்டாம் தடவை போகும்போது கேளுங்கள். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.