புதுப்பிப்பு: மாற்றியமைத்த ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் விற்பனை

நிசானின் இந்த ஸ்போர்ட்ஸ் காரை மாற்றியமைத்தபின் விற்பது பற்றிய முந்தைய பதிவைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது கம்ப்ரஷன் சோதனை பற்றி, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளப்பது. எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இக்னிஷன் இணைப்பையும் துண்டியுங்கள். த்ராட்டிலை (எஞ்சினுக்குள் காற்றை விடும் வால்வு) முழுதாகத் திறந்துவைத்து அளக்க வேண்டும். மூடியிருந்தால் நல்ல எஞ்சினும் மோசமாகத் தெரியும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் அப்படித்தான். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் வாங்குபவர் தயங்குவார், அது நியாயம்தான்.

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவைச் சொல்ல விட்டுப்போனது. இந்த வண்டியின் அசல் டர்போக்களில் டர்பைன் சக்கரம் (புகைவாயு சுழற்றும் சக்கரம்) பீங்கான். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) 1 பாரைத் தாண்டினால் உடையும் அபாயம் அதிகம். உலோகச் சக்கரத்துக்கு மாற்றியாயிற்றா, எத்தனை பாருக்கு ட்யூன் செய்தது என்பதை விளம்பரத்திலேயே போடுங்கள். கழற்றிய அசல் பாகங்களைத் தனியாக விற்காதீர்கள், வண்டியோடு கொடுங்கள். ட்யூன் கோப்பின் (எஞ்சின் கணினியின் அமைப்புகள் உள்ள கோப்பு) நகலும் கூடவே.