பாதியில் நிறுத்தியவர்களைத் தேடுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றும் நான், ஆயிரக்கணக்கானோர் ஒருசேரப் பயிலும் இணையவழிப் படிப்புகளில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எவ்வாறு கற்கிறார்கள் என்பதை ஆய்வு செய்து வருகிறேன். 2012-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்திய மின்சுற்றுப் படிப்பில் சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தும், சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர்தான். வீடியோ பார்த்த நிமிடங்களைக் கணினியே எண்ணிவிடும்; ஒருவர் ஏன் நிறுத்தினார் என்பதை அவரிடமே கேட்டால்தான் தெரியும்.

பென்னாகரத்து மாணவி ஒருவர் மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஒரு படிப்புக்காக எழுதிய நோட்டில், நான்காம் வாரம் வரை ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் மேலும் பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதப்பட்டிருந்தது. ஐந்தாம் வாரத் தலைப்புக்குக் கீழே வெற்றுத் தாள். அவரை அக்கறையற்றவர் என்று கணக்கெழுதுவது அநியாயம் என்றே கருதுகிறேன்.

ஆகவே, அரூர், பாலக்கோடு, காரிமங்கலம் பகுதிகளில் ஸ்வயம் படிப்பை அல்லது ஐஐடிகள் இணையவழியில் வழங்கும் என்பிடெல் படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்கள் (முடித்தவர்களும்தான்) உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களுடைய சம்மதம் பெற்று எனக்குத் தனிச்செய்தி அனுப்புமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அரை மணி நேரம் தமிழிலேயே பேசினால் போதும். பெயர் எங்கும் வெளிவராது. பழைய நோட்டுகள் இருந்தால், எடைக்குப் போட்டுவிடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.