மெக்சிகோ தொழிலாளர்கள் பற்றிய படங்கள்: உங்கள் உதவி தேவை

நண்பர்களே, மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் மீது நடந்த வன்முறையைப் பற்றி எங்கள் திரைப்படக் கழகத்தில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப்போகிறோம். ‘பிஸ்பீ 17’ ஆவணப்படம் முடிவாகிவிட்டது. 1917-ல் அரிசோனாவின் பிஸ்பீயில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,200 சுரங்கத் தொழிலாளர்களைத் துப்பாக்கி முனையில் சரக்கு ரயிலில் ஏற்றி, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களில் மெக்சிகோக்காரர்கள் ஏராளம். நூறு வருடம் கழித்து அதே ஊர்க்காரர்களே அதை நடித்துக் காட்டுகிறார்கள்.

கூடவே அமெரிக்கக் கலைஞர் கென் கான்சாலஸ்-டேயின் புகைப்படங்களையும் காட்ட ஆசை. மெக்சிகோக்காரர்கள் உள்படப் பலரைக் கும்பல் தூக்கிலிட்ட காட்சிகளை அந்தக் காலத்தில் அஞ்சலட்டையாகவே விற்றிருக்கிறார்கள் (என்ன மனிதர்களோ!). அவற்றிலிருந்து பிணத்தையும் கயிற்றையும் இவர் கணினியில் அழித்துவிடுகிறார். மிஞ்சுவது வெறும் மரமும் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டமும்தான். அப்புறம் அந்த முகங்களைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

இப்போது உதவி: இந்தப் படங்களைப் பொதுவில் காட்ட அனுமதி வாங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா? மெக்சிகோக்காரர்களைத் தற்காலிக வேலைக்கு அமெரிக்காவுக்கு வரவழைக்க 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ திட்டத்தில், வேலைக்கு வந்தவர்கள் மேல் டிடிடி பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்களே, அதைப் பற்றிக் குறும்படமோ டிஜிட்டல் படைப்போ தெரியுமா? ஸ்பானிஷில் இருந்தாலும் சரி. தமிழில் வசன வரி எழுத ஸ்பானிஷ் தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது, தனிச்செய்தி அனுப்புங்கள்.