சரிவில் டேப் பிடித்த கதை: பள்ளியில் நில அளவை சொல்லிக்கொடுத்தவர்கள் பகிருங்கள்

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியை:

மேல்நிலை வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். முதல் இரண்டு வருடம் சங்கிலி அளவையை, அதாவது சங்கிலியோ டேப்போ பிடித்து நிலத்தை அளக்கும் முறையை, கரும்பலகையில் படம் போட்டுத்தான் நடத்தினேன், பிள்ளைகளும் வரையறையை ஒப்பித்தார்கள், ஆனால் டேப்பின் எந்த முனையை யார் பிடிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்புறம்தான் 30 மீட்டர் டேப், கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டு, சிவப்பும் வெள்ளையும் அடித்த நான்கு மூங்கில் கழி, இவ்வளவோடு வெளியே இறங்கினோம்.

எங்கள் ஊரில் சமதரை ஏது? பள்ளிக்குப் பின்னால் ஒரு சில்வர் ஓக் மரத்திலிருந்து கீழே சுற்றுச்சுவர் வரை டேப்பைத் தரையோடு போட்டால் 24 மீட்டர், மட்டமாகப் பிடித்து அளந்தால் 22.10. மட்டமாக என்றால், மேலே நிற்பவள் பூஜ்யத்தைத் தரையில் வைத்துக்கொள்ள, கீழே நிற்பவள் 3 மீட்டர் குறியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கித் தொய்வில்லாமல் இழுத்து, அங்கிருந்து குண்டை இறக்குவாள். குண்டு ஆட்டம் அடங்கி நிற்கும் இடத்தில் ஒரு கம்பி ஆணி, அங்கிருந்து அடுத்த 3 மீட்டர். காற்றடித்தால் குண்டு நிற்காது. ஒருத்தி துப்பட்டாவை இரண்டு கையாலும் விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நின்றாள், அதை நான் சொல்லித்தரவில்லை.

இதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். மறுநாள் பட்டாவோடு வந்துவிட்டார். "டீச்சரம்மா, எனக்கு ஒரு ஏக்கர் ஒன்பது சென்ட் வரணும்ங்க, பட்டாவுல ஒரு ஏக்கர்தான் காட்டுது, பக்கத்துக் காட்டுக்காரன் ஒன்பது சென்ட்டை அமுக்கிட்டான்." எத்தனையோ வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாதாம். சனிக்கிழமை பிள்ளைகளோடு போனேன். மிளகுக்கொடி ஏறிய சரிவு. அவர் கயிறு போட்டு அளந்தது சரிதான், மேலிருந்து கீழே 49 மீட்டர், குறுக்கே 90, பெருக்கினால் அவர் சொன்ன ஒரு ஏக்கர் ஒன்பது சென்ட். பிள்ளைகள் டேப்பை மட்டமாகப் பிடித்து 15 ஆணி அடித்து இறங்கினார்கள், 45 மீட்டரில் எல்லைக்கல். புலப்படத்திலும், அதாவது நிலத்தின் எல்லை அளவுகள் போட்ட அரசு வரைபடத்திலும், அதே 45. 45ஐ 90ஆல் பெருக்கினால் 4,050 சதுர மீட்டர், 100 சதுர மீட்டர் ஒரு ஏர் என்ற கணக்கில் 40.50 ஏர்ஸ், அதாவது ஒரு ஏக்கர், பட்டாவில் இருப்பது அப்படியே.

அவர் விடவில்லை. "அப்போ சரிவுல இருக்கற மண்ணு என்னுது இல்லியா கண்ணு?" என்று என் மாணவியைக் கேட்டார். எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. அவள் சொன்னாள்: "மண்ணு பூரா உங்களுதுதான் தாத்தா. ஆனா மழை எவ்வளவு இடத்துல விழுதோ அதத்தான் படத்துல போடுவாங்க. மேல இருந்து பாத்தா சரிவு தெரியாதுல்ல." அவர் கொஞ்ச நேரம் எல்லைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் காட்டுக்காரர் அப்போது அங்கேதான் காப்பிச் செடிக்குள் இருந்தார், எல்லாம் கேட்டிருக்கும்.

இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்டன் கதையைப் பிள்ளைகளுக்கு அதற்கப்புறம்தான் சொன்னேன். 1802இல் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான நேர்கோடு, அளந்தவர், 100 அடி எஃகுச் சங்கிலியை மண்ணில் கிடத்தாமல் முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளில் வைத்து, வெயிலில் எஃகு நீளும் என்று வெப்பமானியும் பார்த்துத்தான் அளந்தார். ஆணி அடித்த கை அந்தக் கதையைக் கேட்கும் விதமே வேறு.

கஞ்சமலைப் பக்கத்து ஆசிரியர்:

எங்களுக்குச் சரிவு பிரச்சினை இல்லை மேடம், காம்பஸ்தான் பிரச்சினை. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லைப் பார்த்தால் வடக்கிலிருந்து 62 டிகிரி, அங்கே போய்த் திரும்பிப் பார்த்தால் 242 வரவேண்டும், 180 வித்தியாசம். எங்களுக்கு 251 வந்தது. பையன்கள் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று நினைத்து ஒருவனைத் திட்டியும் விட்டேன். சாவிக்கொத்து, செல்போன், பைக் எல்லாவற்றையும் தள்ளி வைத்துப் பார்த்தோம், அப்பவும் 251. கஞ்சமலை மேக்னடைட் இரும்புத்தாது உள்ள மலை, முள் அதன் பக்கம் இழுபடுகிறது. ஒரே கல்லில் நின்று இரண்டு பக்கமும் படித்து, நடுவில் உள்ள கோணத்தை எடுத்துக்கொண்டால் அந்தப் பிழை இரண்டிலும் ஒரே அளவாக இருப்பதால் கழிந்துவிடும். அப்படித்தான் வரைந்து முடித்தோம். திட்டு வாங்கிய பையனிடம் வகுப்பு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து:

பழைய புலப்படம் லிங்க்ஸ் கணக்கில் இருந்தால் பிள்ளைகள் மிரளுவார்கள். 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி, அதாவது கிரிக்கெட் பிட்ச் நீளம். ஒரு சதுரச் சங்கிலி 10 சென்ட், பத்து சேர்ந்தால் ஏக்கர். பிட்ச்சைச் சொன்னதும் என் வகுப்பில் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் குச்சிக்கிழங்குக் காட்டில் இறங்குகிறோம், வரப்பு எல்லாம் ஏற்ற இறக்கம். மேடம், காற்றுக்கு நிற்கிற மாதிரி தூக்குக்குண்டு எத்தனை கிராமில் வாங்கலாம்?