காது கேக்காத நாயோட அஜிலிட்டி (நாயைத் தடைகள் வழியா ஓட விடற விளையாட்டு) பண்ணவங்க இருக்கீங்களா?

லீட்ஸ்_கலா
இங்கிலாந்துல சனிக்கிழமை அஜிலிட்டி வகுப்பு எடுக்கறேன். ஒரு அம்மா வெள்ளை நாயோட வந்தாங்க, பிறவியிலயே காது கேக்காது. ஜம்ப் எல்லாம் சுலபமாப் பண்ணிடுச்சு. நாய் நம்ம வாயை விடத் தோளையும் காலையும்தான் பார்க்கும்னு உங்களுக்கே தெரியும். சிக்கல் டன்னல்தான், அதாவது நாய் உள்ள புகுந்து ஓடற நீளக் குழாய். மத்த நாய்ன்னா உள்ள இருக்கும்போதே குரல் குடுத்துத் திசை சொல்லிடலாம். இதுக்கு என்ன பண்றது? வளைஞ்ச டன்னல்லேர்ந்து நாய் வெளிய வந்தப்போ அந்த அம்மா இன்னும் பாதி தூரத்துல ஓடி வந்துட்டிருந்தாங்க. எதிர்ல மூணு தடை. வேற எந்த நாயா இருந்தாலும் கண்ணுல பட்டதுல பாய்ஞ்சிருக்கும். இது டன்னல் வாய்லயே நின்னு, திரும்பி, அவங்க கையைத் தேடிச்சு. கை நீட்டினதும் ஒரே பாய்ச்சல். கொஞ்ச நாள்ல ஊர் மாறிப் போயிட்டாங்க. அது போட்டிக்குப் போச்சா இல்லையான்னு இப்பவும் மனசு கேட்டுக்கிட்டே இருக்கு.

மதுரவாயல்_சேகர்
கலா அக்கா, எங்க வெள்ளச்சி ராஜபாளையம். காது சுத்தமாக் கேக்காது (பால் வெள்ளை ராஜபாளையத்துல இது அடிக்கடி வர்றதுதானே). மொட்டை மாடில இரும்புப் பட்டையில பிவிசி பைப் செருகி, 60 செ.மீ. இடைவெளி விட்டு வீவ் கம்பம் (நாய் வளைஞ்சு வளைஞ்சு பின்னிப் போற கம்பங்கள்) வச்சிருக்கேன். வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுடுவோம். முதல் கம்பம் நாயோட இடது தோள் பக்கம் வரணும்ல, அந்த நுழைவு அவளுக்குப் பிடிபடவே இல்ல. ஒரு நாள் கேபிள்காரர் மேல வந்தார், அவர்கிட்ட பேசிட்டு இருந்தேன். ஒரு சைகையும் காட்டல. அவளாப் போய், சரியான பக்கம் நுழைஞ்சு, 12 கம்பத்தையும் பின்னிட்டு வந்து என் முகத்தையே பார்த்தா. சபாஷ்னு சொன்னாக் கேக்காதே, ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கேபிள்காரரும் ஆட்டினார்! இவளத்தான் ஒரு போட்டியில "காது கேக்காத நாயெல்லாம் வேணாம்"னு திருப்பி அனுப்புனாங்க. இன்னும் ஆறல.

கோவை_சிப்பிப்பாறை
கலா மேடம், "வேற எந்த நாயா இருந்தாலும்"ங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். என் சிப்பிப்பாறைக்கு இலை விழுந்தாலும் கேக்கும், அவனும் டன்னல் வாய்ல நின்னு என்னைத் தேடுவான். பழக்கறதுலதான் இருக்கு.

சேகர், உங்க நாய்க்கு வயசென்ன? ராஜபாளையம் பெரிய உடம்பு, எலும்பு வளர்ந்து முடிய ஒண்ணரை வருஷம்கூட ஆகும். பிரிட்டிஷ் கென்னல் கிளப் போட்டிகள்ல 18 மாசம் ஆகாத நாயைச் சேர்க்கவே மாட்டாங்க. அதுவரைக்கும் ஜம்ப் பாரைத் தரையில போட்டுத் தாண்ட விடுங்க, போதும். சிமெண்ட் தரையில வேகமாத் திரும்பினா வழுக்கும், தோள்பட்டை போயிடும். ரப்பர் பாய் விரிங்க. நகத்தை அளவா வெட்டி விடுங்க. டன்னலுக்கு உள்ள போறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம்னு கை காட்டிடுங்க, வெளிய வர்றப்போ அது கண்ணுல படற இடத்துல நில்லுங்க. தூங்கும்போது பின்னாலேர்ந்து தொட்டு எழுப்பாதீங்க, பதறிடும்.

ஸ்கார்பரோ_தர்ஷி
எங்கட லாப்ரடோருக்கு வயசு போய்த்தான் காது போனது. முந்தி சீசோ (நாய் ஏறி நடக்க மற்றப் பக்கம் சாயிற பலகை) எண்டாலே நடுக்கம். பலகை நிலத்தில "டமார்" எண்டு அடிக்கிற சத்தம் ஆகாது, அடிக்க முதலே பாய்ஞ்சு இறங்கி ஃபோல்ட் (பிழைப் புள்ளி) வாங்குவான். காது போன பிறகு ஒருநாள் தானா ஏறினான். பலகை அடிச்சது, அவன் அசையேல்ல. பலகை நுனியில கால் வைக்கவேண்டிய மஞ்சள் பகுதியில நிண்டுகொண்டு வாலை ஆட்டுறான். எல்லாரும் கை தட்டினவை. எனக்கு மட்டும் அழுகை வந்திட்டுது. இனி நான் கூப்பிடுறதும் அவனுக்குக் கேக்காதெல்லோ.

மதுரவாயல்_சேகர்
தர்ஷி அக்கா, படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல.
கோவை அண்ணே, வெள்ளச்சிக்கு மூணு வயசு. மாடில ஜம்ப் வைக்கல, வீவ் மட்டும்தான். மாடி முழுக்க விரிக்கற அளவு ரப்பர் பாய் எங்க வாங்கினீங்க?