ஜெசிரோ பள்ளம்: உயர அடுக்கு படத்தோடு பொருந்தவில்லை, அவசர உதவி

செம்மண்: செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்து டெல்டா படத்தின் மேல் உயரத் தரவைப் போட்டால் விலகி நிற்கிறது. ஹில்ஷேடில் (உயரத் தரவிலிருந்து வரும் நிழல் படத்தில்) டெல்டா விளிம்பு ஓரிடம், படத்தில் வேறிடம். மென்பொருள் கியூஜிஐஎஸ்தான். நாளை காலை வரைபடம் கொடுக்க வேண்டும்.

கோள்நோக்கி: எந்தப் படம், எந்த உயரத் தரவு? எந்தப் பக்கம், எவ்வளவு விலகுகிறது?

மேற்கு360: தீர்க்கரேகைதான், சந்தேகமே வேண்டாம். பழைய செவ்வாய் வரைபடங்களில் மேற்காக எண்ணுவார்கள். 360இலிருந்து கழித்துப் பாருங்கள்.

கோள்நோக்கி: அப்படியிருந்தால் டெல்டா கோளின் மறுபக்கத்துக்கே போயிருக்குமே.

செம்மண்: படம் சி.டி.எக்ஸ். (செவ்வாய்ச் சுற்றுக்கலனின் அகலப் படக்கருவி) மொசைக், உயரத் தரவு ஹைரைஸ் (அதே கலனின் நுணுக்கப் படக்கருவி) டி.டி.எம். (உயர மாதிரி). கிழக்கே 2 கி.மீ.க்கு மேல், தெற்கே கொஞ்சம். இரண்டும் ஒரே கோளமாக இருக்கட்டும் என்று டி.டி.எம். ஆரத்தை மட்டும் 3396190 மீ. ஆக்கினேன்.

லேபிள்வாசி: லேபிளை (கோப்போடு வரும் விவரக் குறிப்பை) திறந்துகூடப் பார்க்காமல் கேட்பவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது? ஹைரைஸ் கோப்பு லேபிளில் குறித்த அட்சரேகையின் உள்ளூர் ஆரத்தை வைத்து எழுதப்பட்டது. 15 பாகைக்கு அது சுமார் 3394.8 கி.மீ. உள்ளே இருக்கும் மீட்டர் எண்கள் நிலநடுக்கோட்டிலிருந்தும் 180 பாகை தீர்க்கரேகையிலிருந்தும் அளந்தவை. ஆரத்தை மட்டும் பெரிதாக்கினால் அதே எண்கள் குறைந்த பாகையாகிவிடும். ஜெசிரோ 77.5 கிழக்கில், 180இலிருந்து வெகு தூரம். அதனால்தான் கிழக்கே 2.3 கி.மீ., தெற்கே 400 மீ. சொச்சம். பழைய ஆரத்தைத் திரும்ப வையுங்கள். அப்புறம் 'வார்ப்' (தரவையே புது ஆரத்துக்கு மாற்றிக் கணக்கிடும் கட்டளை) கொடுத்து 3396190க்கு மாற்றுங்கள். பெயரை மாற்றுவது வேறு, தரவை மாற்றுவது வேறு.

மேற்கு360: இவ்வளவு பாடு எதற்கு? மோலாவே (செவ்வாயின் லேசர் உயர அளவீடு) போதுமே, கோள் முழுக்க இருக்கிறது.

கோள்நோக்கி: மோலாவில் ஒரு பிக்சல் 463 மீ. 45 கி.மீ. பள்ளமே நூறு பிக்சலுக்குள் அடங்கிவிடும். டெல்டாவின் வாய்க்கால்கள் எங்கே தெரியும்?

மேற்கு360: ஹைரைஸ் பட்டை 6 கி.மீ. அகலம்தான். அதை வைத்துப் பள்ளம் முழுக்க எப்படி வரைவீர்கள்?

கோள்நோக்கி: அவர் கேட்டது டெல்டாவைத்தான். பள்ளம் முழுவதும் வேண்டுமென்றால் சி.டி.எக்ஸ். ஸ்டீரியோவில் (இரு கோணப் படங்களிலிருந்து) 20 மீ. டி.டி.எம். செய்யலாம், அதன் பட்டை 30 கி.மீ., ஒன்றுக்கு மேல் சேர்த்தால் போதும். நுணுக்கம் வேண்டிய இடத்தில் மட்டும் ஹைரைஸைப் பதிக்கலாம்.

லேபிள்வாசி: பதிக்கும் முன் இரண்டின் உயரமும் எதிலிருந்து அளந்தது என்று பாருங்கள். ஒன்று ஏரியாய்டிலிருந்து (செவ்வாயின் 'கடல்மட்டம்' போன்ற ஈர்ப்பு மட்டம்), மற்றொன்று கோளத்திலிருந்து என்றால் ஓரத்தில் செங்குத்துப் படி விழும்.

செம்மண்: வார்ப் செய்ததும் உட்கார்ந்துவிட்டது. நன்றி.

மேற்கு360: எத்தனை மீட்டருக்குள் பொருந்தியது?