நெல் அள்ளும் மிசினுக்குப் பேட்டன்ட் (காப்புரிமை) எடுக்கலாமா? வீடியோ ஏற்கனவே போட்டாச்சு

வெல்டிங்கடை_களுவாஞ்சி:
களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். பெரும்போகம் வெட்டி முடிந்ததும் ரோட்டோரம் எல்லாம் நெல் காயும், தெரியும்தானே. அதைத் தள்ளிக்கொண்டு போனால் பிரஷ் கூட்டி, பெல்ட் மேலே ஏற்றி, சாக்கில் கொட்டும் மாதிரி ஒரு மிசின் செய்தேன். இதில் நானே யோசித்துச் செய்தது சல்லடைதான். இரண்டு தட்டு. மேல் தட்டில் கல் நிற்கும், கீழ்த் தட்டில் மணல் கொட்டிவிடும், நடுவில் வருவது சுத்தமான நெல். அதை ஆட்ட மோட்டர் இல்லை. பழைய சைக்கிள் கிராங்கை (பெடல் பூட்டும் தண்டை) சக்கரத்தோடு இணைத்துவிட்டேன், தள்ளும்போது தானாக ஆடும்.

மருமகன் மார்ச்சில் பேஸ்புக்கில் வீடியோ போட்டுவிட்டான். போன மாதம் கம்பனி ஆள் என்று ஒருவர் வந்து, வாங்கப் போகிறவர் போல அளவெல்லாம் எடுத்துப் போனார், பிறகு ஆளைக் காணோம். அதிலிருந்து நித்திரை இல்லை. இதே மாதிரி சீனாவில் நிறைய இருக்கிறதாம், அவங்கள் என் மேல் வழக்குப் போடுவாங்களா? மருமகன் சட்ஜிபிடியை வைத்து விண்ணப்பமும் எழுதிவிட்டான். அப்படியென்றால் கண்டுபிடித்தது நானா, அதுவா?

கல்லடிப்பாலம்:
அண்ணன், வீடியோ போட்ட திகதியை முதலில் குறித்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, விண்ணப்பிப்பவரே வெளியே காட்டியிருந்தால் அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பம் போனால் புதுமை கெடாது. புதிதாக இருந்தால்தானே பேட்டன்ட். இப்போது ஆகஸ்ட், அடுத்த மார்ச் வரை நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடலாம், ஆனால் அவ்வளவு இழுக்காதீர்கள். இது இலங்கைக்கு மட்டும்தான். ஐரோப்பாவில் இப்படிச் சலுகை இல்லை, இந்தியாவிலும் பேஸ்புக் வீடியோவுக்கு இரக்கம் காட்டமாட்டார்கள். அங்கே விற்கிற எண்ணம் இருந்தால் அந்தக் கதவு மூடியாச்சு என்று நினையுங்கள்.

அளவெடுத்துப் போன ஆள் உங்கள் ஐடியாவைத் தன் பெயரில் போட்டால், உங்களிடமிருந்து எடுத்தது என்று காட்டி உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அந்த வீடியோவே உங்களுக்குச் சாட்சி, ஆகவே பயத்தில் அழித்துவிடாதீர்கள்.

சட்ஜிபிடி விசயம்: டாபஸ் என்ற ஏஐயைக் கண்டுபிடிப்பாளராகக் காட்டிய விண்ணப்பத்துக்கு 2021இல் தென்னாபிரிக்காவில் பேட்டன்ட் கிடைத்தது, ஆனால் 2023 டிசம்பரில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்கள் கதை அதுவே இல்லை. சல்லடையை யோசித்தது நீங்கள், அது கடிதம் எழுதித் தந்த பிள்ளை மாதிரி.

நடுவட்டை_போடி:
நான் சொல்வது பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். பேட்டன்ட் எடுத்தாலும் பக்கத்து ஊரில் ஒருவன் அப்படியே வெட்டி ஒட்டினால் யார் போய்த் தடுப்பது? வழக்கென்றால் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். ஒரு தவணைக்கு இரவு பஸ் ஏறி இறங்கவே ஒரு சாக்கு நெல் காசு. 3டி பிரின்டரைப் பாருங்கள், முக்கியமான பேட்டன்ட் 2009இல் காலாவதியான பிறகுதான் விலை இறங்கி வீட்டு மேசைக்கு வந்தது. நல்லாகச் செய்து, 14 வீத ஈரப்பதனில் காய்ந்த நெல்லைக் கல் இல்லாமல் அள்ளித் தந்தால் நாங்கள் உங்களிடம்தான் வாங்குவோம்.

கல்லடிப்பாலம்:
போடியார் சொல்வதில் பாதி சரி. ஆனால் நாளைக்கு ஒரு கம்பனியோடு பேசி உரிமத்துக்குக் காசு கேட்க வேண்டுமென்றால் கையில் ஒரு தாள் வேண்டும், வெறும் கதைக்கு எவனும் காசு தரமாட்டான்.

அப்புறம் சீனக்காரனுக்குப் பயப்பட வேண்டாம். பேட்டன்ட் அந்தந்த நாட்டுக்குள்தான் செல்லும். அவன் இலங்கையில் பதியாவிட்டால் இங்கே நீங்கள் தாராளமாகச் செய்து விற்கலாம். அவனுடையது முன்பே வெளிவந்திருப்பதால் பிரஷ், பெல்ட், சாக்கு எதையும் ‘என்னுடையது’ என்று நீங்கள் கேட்க முடியாது, அவ்வளவுதான். சட்ஜிபிடி எழுதியதில் அதைத்தான் கேட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது எப்போதும் ஊரையே எழுதிக் கேட்கும். உரிமைக்கோரலில், அதாவது ‘இதுதான் என்னுடையது’ என்று விண்ணப்பத்தில் கேட்கும் பகுதியில், இரட்டைச் சல்லடையும், சக்கரத்தால் அது ஆடும் விதமும் சேர்ந்து இருக்க வேண்டும். கூகுள் பேட்டன்ட்ஸில் சீனப் படங்களைப் பாருங்கள், மொழி தெரியாவிட்டாலும் படம் விளங்கும். அதில் உங்கள் கிராங்க் இருந்தால் கதை முடிந்தது.

வெல்டிங்கடை_களுவாஞ்சி:
மெத்த நன்றி. மருமகன் எழுதியதைப் பார்த்தேன், முதல் வரியே ‘தானியம் சேகரிக்கும் எந்த ஒரு இயந்திரமும்’ என்று இருக்கிறது, சிரிப்புத்தான் வந்தது. வீடியோ மார்ச் 9. இரவு முழுக்கச் சீனப் படங்கள் பார்த்தேன். மோட்டர் வைத்து ஆட்டுவது நாலைந்து கண்டேன், கிராங்க் இன்னும் காணவில்லை. தேடி முடித்த பிறகு விண்ணப்ப விசயமாகக் கொழும்புக்கு ஒருக்கால் போய் வருகிறேன். போடியார், உங்கள் வயல் வட்டைக்கு ஒன்று செய்து தரவா? சல்லடைக் கண் அளவுக்கு உங்கள் நெல் ஒரு கிலோ வேண்டும், சம்பாவும் நாட்டரிசியும் ஒரே கண்ணில் விழாது.